ஏற்காட்டில் கிடைக்கும் அமைதி செவ்வாய்பேட்டையில் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. எனக்கு 41 வயது. சமையல், பட்டறைக் கணக்கு, மாமியாருக்கு வேளாவேளைக்கு மருந்து, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் என்று நாள் முழுவதும் ஓட்டம்தான். சின்னச் சொல்லுக்கும் எரிந்து விழுகிறேன். தியான வகுப்புக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணை மூடினால் வெள்ளி விலையும் கூலிப் பாக்கியும்தான் வந்து நிற்கின்றன. மாதம் ஒருமுறை ஏற்காடு போனால் மனம் லேசாகிறது. இறங்கி வந்த இரண்டு நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய ஆன்மிகப் பயிற்சி உண்டா? குரு இல்லாமல் மந்திரம் சொல்லலாமா? கஞ்சமலை சித்தர் கோயிலுக்கு அமாவாசைதோறும் போகச் சொல்கிறார்கள், போகலாமா? மகளையும் பழக்கலாமா?

பதில்:

ஏற்காட்டில் உங்களுக்கு என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், அம்மா. இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனதும் காற்று குளிர்கிறது. சித்திரை வெயிலில் கீழே 40 டிகிரியில் வெந்துகொண்டிருந்தவர்களுக்கு அதுவே பாதி மருந்து. ஆனால் குளிர்ச்சி மட்டும் இந்த வேலையைச் செய்வதில்லை. பட்டறையில் கொலுசின் கண்ணியையும் கணக்கு நோட்டின் எண்களையும் ஒரு முழ தூரத்துக்குள் பார்த்துப் பழகிய கண், அங்கே பள்ளத்தாக்கைத் தாண்டிப் பார்க்கிறது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் இல்லாமல் கால் நடக்கிறது. போன் கைப்பைக்குள் போய்விடுகிறது. "அது எங்கே, இது எங்கே" என்று கேட்பவர்கள் யாரும் இல்லை. இவை எல்லாம் சேர்ந்து மூச்சின் வேகத்தைக் குறைக்கின்றன, அதன் பிறகு மனம் தணிகிறது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். கண், கால், மூச்சு இவை முன்னால் போயின. மனம் கடைசியாக வந்தது. இந்த ஊரில் பல ஆண்டுகளாக யோகம் கற்பித்து வரும் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. "அமைதியாக இரு" என்ற கட்டளைக்கு மனம் ஒருநாளும் கீழ்ப்படியாது. கண்ணுக்கும் மூச்சுக்கும் நாவுக்கும் காலுக்கும் ஆளுக்கொரு சிறு வேலை கொடுத்துவிட்டால் அது தானாக வந்து உட்காரும். உங்கள் தியான வகுப்பு கைகொடுக்காததற்கும் காரணம் இதுதான். பதஞ்சலி முனிவர் யோகத்துக்குச் சொன்ன எட்டு அங்கங்களில் தியானம் ஏழாவது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அட்டாங்க யோகம் சொல்லும்போதும் அதே வரிசைதான்: இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை எல்லாம் கடந்த பிறகே தியானம். காலையிலிருந்து ஓடிக் களைத்த ஒருவரை நேராக ஏழாவது படியில் ஏற்றிக் கண்ணை மூடச் சொன்னால் கூலிப் பாக்கிதான் வரும். உங்களிடம் குறை ஒன்றும் இல்லை.

கண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பெரும் கொடுப்பினை இருக்கிறது. வடக்கே நகரமலை, அதற்குப் பின்னால் சேர்வராயன் மலைத் தொடர், தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை என்று ஊரைச் சுற்றிலும் மலைகள். மொட்டைமாடிக்குப் போனால் ஏதாவது ஒரு திசையில் மலை தெரியும். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்ததும் மாடிக்குப் போய், ஒரு மலை முகட்டைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். முறைத்துப் பார்க்க வேண்டாம், இமைக்கலாம். கிட்டப் பார்வைக்காக இறுகியிருக்கும் கண் தசை, தூரத்தைப் பார்க்கும்போது தளர்கிறது. நெற்றியும் தாடையும் அதோடு சேர்ந்து தளர்வதை உங்களாலேயே உணர முடியும். நம் முன்னோர் மலையையே தெய்வமாகப் பார்த்தவர்கள். எழுந்ததும் மலை பார்ப்பதும் ஒரு தரிசனம்தான். போனைக் கீழேயே வைத்துவிட்டுப் போங்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அடுத்தது மூச்சு. இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எளிதாகக் கிடைப்பதும் இதுதான், தவறாகச் சொல்லிக்கொடுக்கப்படுவதும் இதுதான்.

முதலில் இடம். பட்டறைக்குள் மூச்சுப் பயிற்சி செய்யவே கூடாது. பற்றவைக்கும் புகையும் மெருகு வேலைக்கான அமிலத்தின் நெடியும் உள்ள இடத்தில் மூச்சை ஆழமாக இழுப்பது நுரையீரலுக்குச் செய்யும் கேடு. மாடி, முன்வாசல், காற்றோட்டமுள்ள பூஜை அறை எதுவானாலும் சரி. பூஜை அறை என்றால் சாம்பிராணி போட்டு அரைமணி நேரமாவது கழியட்டும். தரையில் சம்மணமிட முடிந்தால் உட்காருங்கள். முழங்கால் வலித்தால் நாற்காலியே நல்லது. முதுகு நிமிர்ந்திருந்தால் போதும்.

மூக்கு வழியாக நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து, ஆறு முதல் எட்டு எண்ணும் நேரம் மெல்ல விடுங்கள். நடுவில் பிடித்து வைக்க வேண்டாம். மூச்சை விடும்போது வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றே குறைகிறது, இழுக்கும்போது கூடுகிறது. விடும் நேரத்தை நீட்டினால், "ஆபத்து ஒன்றும் இல்லை" என்ற செய்தி உடல் முழுவதும் போகிறது. இப்படிச் செய்தால் நிமிடத்துக்கு ஐந்து அல்லது ஆறு மூச்சுதான் வரும். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நீங்கள் பலமாக இழுக்கிறீர்கள் என்று பொருள், மென்மையாக்குங்கள்.

திருமூலர் கணக்கில் இழுப்பது 16 மாத்திரை (பழைய கால அளவு), அடக்குவது 64, விடுவது 32. இழுப்பதைப் போல் இரு மடங்கு நேரம் விடுவது என்ற பாடத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 64 நேரடியாக ஆசிரியரிடம் இருந்து படிப்படியாகக் கற்க வேண்டியது. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை அடக்கும் பயிற்சிக்கே போகக் கூடாது. வீடியோ பார்த்துக் கும்பகம், அதாவது மூச்சை அடக்குவது, பழகியவர்கள் நெஞ்சுப் படபடப்போடு வருவதை நான் பார்த்திருக்கிறேன். திருமூலர் பெயரைச் சொல்லும்போது நம் கஞ்சமலையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூலிகை தேடி அவர் அங்கே வந்ததாகவும், வயதான சீடர் ஒருவர் அறியாமல் மூலிகைக் குச்சியால் சோற்றைக் கிளறி, கருத்துப்போன அந்தச் சோற்றை உண்டு இளமை பெற்றதாகவும் அந்தத் தலக்கதை சொல்கிறது. உங்கள் மாடியிலிருந்து மேற்கே தெரிவது அந்த மலைதான்.

ஒரே வேளையில் அரைமணி நேரம் ஒதுக்க உங்களால் முடியாது, தேவையும் இல்லை. காலையில் ஐந்து நிமிடம், பட்டறை மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது மூன்று நிமிடம், இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம். உங்கள் தொழிலிலேயே இது உண்டு: வெள்ளிக் கம்பியை இழுக்க இழுக்க அது இறுகும், இடையிடையே காய்ச்சி ஆறவிட்டால்தான் அடுத்த இழுப்புக்கு அறுந்துபோகாமல் வரும். கடைசியில் மொத்தமாகக் காய்ச்சிக்கொள்ளலாம் என்று எந்தப் பட்டறையிலும் விடமாட்டார்கள்.

இப்போது நாவு. குரு இல்லாமல் மந்திரம் சொல்லலாமா என்று கேட்டீர்கள். இறைவன் பெயரைச் சொல்ல யாருடைய அனுமதியும் தேவையில்லை. "ஓம் சக்தி", "முருகா", "நமசிவாய", உங்கள் குலதெய்வத்தின் பெயர், கோட்டை மாரியம்மனை நினைத்து "தாயே" என்ற ஒரே சொல், எதுவும் சரிதான். பீஜாட்சரங்கள் எனும் ஓரெழுத்து மந்திரங்கள், எண்ணிக்கையும் நியமமும் விதித்த மந்திரங்கள், சக்கர வழிபாடு ஆகியவற்றைத்தான் தீட்சை பெற்றுச் செய்ய வேண்டும். அமைதிக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம் நம் சுகவனேசுவரர் கோயில். ஒரு திருப்புகழ் தெரிந்திருந்தால் அதைத் தாளத்தோடு மெல்லச் சொல்வதும் ஜபமே.

சொல்லும் முறையில்தான் சூட்சுமம் இருக்கிறது. பெயரை மூச்சை விடும்போது சொல்லுங்கள். "முருகா..." என்று நீட்டிச் சொன்னால் வெளிமூச்சு தானாக நீளும், எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய மருத்துவர்களின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. 23 பேரை லத்தீன் மொழியில் ஜெபமாலையும், "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரமும் சொல்லச் செய்து பார்த்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. இதயத் துடிப்பின் சீரும் மேம்பட்டது. மாதா கோயிலில் ஒருவர் பாதி சொல்ல மற்றவர்கள் மறுபாதி சொல்லும் ஜெபமாலையில், லத்தீனில் ஒரு மரியே ஜெபம் சுமார் பத்து நொடி எடுக்கிறது, அதுவே ஒரு மூச்சின் அளவு. தஸ்பீஹ் மணி உருட்டி திக்ரு என்னும் இறைநினைவைச் சொல்லும் முஸ்லிம்களும், திருவாசகம் ஓதுபவர்களும் வெவ்வேறு வாசல் வழியாக அதே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். எனக்கு இது ஆழ்ந்த நிறைவைத் தரும் செய்தி. நம் பெரியவர்கள் தெய்வத்தையும் உடலையும் தனித்தனியாகப் பிரிக்காமல் வைத்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

மாவு பிசையும்போது, பாத்திரம் கழுவும்போது, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது உதட்டளவில் பெயர் ஓடட்டும். பட்டறையில் தீயும் அமிலமும் உள்ள இடத்தில் மட்டும் கவனம் வேலையிலேயே இருக்கட்டும்.

கூலிப் பாக்கி நினைவு வருகிறதே என்றால், அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இரவு படுக்கும் முன் மறுநாள் செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடம் எழுதி மூடிவிடுங்கள். யாருக்கு எவ்வளவு, எந்தச் சரக்கு எப்போது என்று பெயரோடு எழுதுங்கள். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வில், முடித்த வேலைகளைப் பட்டியலிட்டவர்களைவிட, செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் விரைவாகத் தூங்கினார்கள். காகிதத்தில் இறங்கிய கணக்கை மனம் இரவெல்லாம் காவல் காக்க வேண்டியதில்லை. எழுதிய நோட்டை விளக்கடியில் வைத்து, "இதை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன், இன்றைக்கு நீ பார்த்துக்கொள்" என்று அம்மனிடம் சொல்லிவிட்டுப் படுங்கள். சரணாகதி என்று பெரிய சொல்லால் சொல்வதை ஒரு குடும்பப் பெண் இப்படித்தான் செய்ய முடியும், அதில் ஒரு குறையும் இல்லை.

கோயிலுக்குப் போவது பற்றி. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குப் போங்கள். அது ஊரோடு சேர்ந்து மகிழ்வதற்கு. அமைதிக்காகப் போகும் நாள் வேறாக இருக்கட்டும். பிரதோஷமும் விசேஷமும் இல்லாத ஒரு சாதாரண மாலையில் சுகவனேசுவரர் கோயிலுக்குப் போங்கள். கிளி முகம் கொண்ட சுக முனிவர் வழிபட்ட தலம் என்பது ஐதீகம். பிராகாரத்தை மிக மெதுவாகச் சுற்றுங்கள். அடிமேல் அடி வைத்துச் சுற்றும் அடிப்பிரதட்சிணம் முடிந்தால் ஒரே ஒரு சுற்று அப்படிச் செய்யுங்கள். குதிகால் கல்லில் படுவது, பிறகு விரல்கள் படுவது என்று பாதத்தின் மேலேயே கவனம் இருக்கட்டும். வெயில் குடித்த கருங்கல்லின் இளஞ்சூடு மாலையில் பாதத்துக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு வேண்டுதலும் வைக்க வேண்டாம். மகளின் மதிப்பெண், வெள்ளி விலை எதையும் சொல்லாதீர்கள். வெளியே வரும் முன் கொடிமரத்துக்கு அப்பால் சற்று உட்கார்ந்துவிட்டு வரும் வழக்கம் நமக்கு உண்டல்லவா? இப்போது பலர் உட்கார்ந்த உடனே போனை எடுக்கிறார்கள். உண்மையான தரிசனம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் உள்ளே இறங்குகிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

கஞ்சமலைக்குத் தாராளமாகப் போகலாம். அமாவாசையில் கூட்டம் நெரியும். வரிசை, வண்டி நிறுத்துமிடம் என்று அலைந்து களைத்துத் திரும்புவீர்கள். வேறொரு நாளில் போய்வாருங்கள், சித்தருக்கு எல்லா நாளும் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை விரதம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெறும் வயிற்றோடு பட்டறையில் நிற்பது கோபத்தைத்தான் கூட்டும். பால், பழம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் என்றால் மருத்துவரைக் கேட்காமல் விரதமே வேண்டாம். ராசிக்கல், பல ஆயிரம் கட்டிச் சேரும் முகாம் இவற்றுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள்.

எரிந்து விழுவது என்று எழுதினீர்கள். எந்த நேரத்தில் என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் அது மாலை ஆறு முதல் எட்டுக்குள் வருகிறது: பசி, களைப்பு, சமையல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒன்றாக மோதும் நேரம். உங்களுக்கும் அப்படியென்றால் ஐந்தரைக்கு ஒரு கைப்பிடி பொரிகடலையோ சுண்டலோ சாப்பிட்டு, கைகால் முகம் கழுவி, விளக்கேற்றி, ஆறு நீண்ட மூச்சு விடுங்கள். விளக்கேற்றும் நேரத்தில் வீட்டில் யாரும் சத்தம் போடக் கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டை மீண்டும் கொண்டுவரலாம். மாமியார் இதில் உங்கள் பக்கம்தான் நிற்பார். சுடுசொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டால், ஒரு மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டுப் பிறகு பேசுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். உங்கள் தலையில் மட்டும் எல்லா வேலையும் விழுந்திருந்தால் அதைக் கணவரிடம் தெளிவாகப் பேசுவதும் இந்தப் பயிற்சியின் பகுதி. மூச்சுப் பயிற்சி செய்துகொண்டே அநியாயமான சுமையைச் சுமக்கச் சொல்லும் ஆன்மிகத்தை நான் ஏற்பதில்லை.

உடலையும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள், அம்மா. நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு ரத்தசோகை, தைராய்டுக் கோளாறு, மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் மாற்றம் ஆகியவை எரிச்சலாகவும் தூக்கமின்மையாகவும் வெளிப்படும். அதை எந்த ஜபமும் தனியாகச் சரிசெய்யாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை அடக்க முடியாமல் இருந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலோ தள்ளிப்போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே விளக்கேற்றலாம். இரண்டுக்கும் பகை இல்லை. கண்ணை மூடி உட்கார்ந்தால் பயமோ பழைய வேதனையோ பொங்கி வந்தால், கண்ணைத் திறந்துகொண்டு மலையைப் பார்க்கும் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏற்காடு போவதை விட வேண்டாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை படகுத்துறைக் கூட்டத்தில் நிற்பதற்குப் பதில், பட்டறை விடுமுறை விடும் ஒரு வார நாளில் போய் நேராகச் சேர்வராயன் கோயிலுக்குச் செல்லுங்கள். மலைத் தொடரின் உச்சியில், 5,000 அடிக்கு மேல் இருக்கும் குகைக் கோயில் அது. மலைவாழ் மக்கள் சேர்வராயனையும் காவேரி அம்மனையும் சேர்த்து வழிபடுகிறார்கள்; மே மாதத்தில் அவர்களுடைய திருவிழா நடக்கும். உள்ளே குனிந்துதான் போக வேண்டும். வெளியே வந்ததும் அந்தச் சமவெளியில் காற்றுக்கு முகம் காட்டி உட்கார்ந்து, வீட்டு மாடியில் செய்யும் அதே நான்கு எண்ணிக்கை மூச்சைச் செய்யுங்கள். அதே பெயரைச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே பயிற்சி நடந்தால், மேலே பழகிய நிதானம் அந்த மூச்சோடும் பெயரோடும் ஒட்டிக்கொள்ளும். கீழே மாடியில் அவற்றைத் தொடங்கியதும் உடல் அடையாளம் கண்டுகொள்ளும்.

48 நாள் சங்கல்பம் எல்லாம் இப்போது வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். ஈடுகட்ட இரண்டு மடங்கு செய்ய வேண்டாம். விலக்கு நாட்களில் பூஜை அறைக்குப் போகாத வழக்கம் உங்கள் வீட்டில் இருக்கலாம். அது உங்கள் குடும்பத்தின் விருப்பம். மாடியில் மலை பார்ப்பதற்கும், மூச்சுக்கும், மனதுக்குள் சொல்லும் பெயருக்கும் எந்த விலக்கும் இல்லை. எரிச்சலும் களைப்பும் அதிகமாக இருக்கும் அந்த நாட்களில்தான் அவை கூடுதலாகத் தேவை.

மகளை வற்புறுத்தி உட்கார வைக்காதீர்கள். பொதுத் தேர்வு ஆண்டில் "இதையும் செய்" என்று சேர்க்கும் எதுவும் அவளுக்குப் பாரம்தான். மாடிக்குப் போகும்போது "வருகிறாயா" என்று ஒருமுறை கேளுங்கள். வந்தால் மூச்சை நீட்டி விடுவதை மட்டும் சொல்லிக்கொடுங்கள்; வினாத்தாள் கைக்கு வரும் முன் ஐந்து மூச்சு அப்படி விட்டால் கை நடுக்கம் குறையும்.